றேந்தை பின்னிய தாய்

புனித செலி மார்ட்டின் அம்மையாரின் வாழ்வு

கையிற் பாடுபட்ட சுரூபமும் ரோசாப் பூக்களும் ஏந்தி நிற்கும் சிறுமலர் புனித தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அவரைப் பெற்றெடுத்த தாயைப் பற்றிக் கேட்டால் நம்மிற் பலர் விடை தெரியாமல் நிற்போம். மகளைப் போல மடத்தின் அமைதியில் வாழக் கிடைத்தவரல்லர் அத்தாய். சொந்தமாக ஒரு கைத்தொழிலை நடத்தி, ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கஞ் செய்து, எஞ்சிய ஐவரையும் வளர்த்துக்கொண்டிருக்கையில் 45ஆம் வயதிற் புற்றுநோயால் இறந்துபோனவர் அவர். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் உரோமாபுரியில் அவரையும் அவருடைய கணவர் லூயி மார்ட்டினையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கணவனும் மனைவியுமாக ஒருங்கே அப்பட்டம் பெற்ற முதற் தம்பதியர் இவர்களே.

வீட்டு வேலை, பிழைப்பு, பிள்ளை வளர்ப்பு என்ற மூன்றுக்கும் இடையிலே நாள் போதாமல் தவிக்கும் தாய்மார் நம்மிடையே எத்தனையோ பேர். செபிக்கவே நேரமில்லாத எமக்குப் புனிதம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் இந்த அம்மையாரின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

பாவைப்பிள்ளை இல்லாத சிறுமி

பிரான்ஸ் நாட்டின் நோர்மண்டிப் பகுதியிலே, அலன்சோன் பட்டினத்துக்கு அண்மையிலுள்ள ஒரு நாட்டுப்புறத்தில், 1831ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் நாள் செலி கெரின் பிறந்தாள். தந்தை நெப்போலியன் காலத்துப் படைவீரர். பின்னர் காவற் படையிற் கடமையாற்றியவர். தாய் பக்தியுள்ள பெண். ஆனால் கண்டிப்பு மிகுந்தவர். அந்த வீட்டில் ஒழுங்குக்குக் குறைவிருக்கவில்லை, கொஞ்சுதலுக்குத்தான் பஞ்சம். செலிக்கு ஒரு பாவைப்பிள்ளைகூட வாங்கிக் கொடுக்கப்படவில்லை. ஓயாத தலைவலியும் அவளை வாட்டியது. தன் இளமைக் காலம் துயரம் நிறைந்ததாகவே இருந்ததென்று பிற்காலத்திற் கடிதமொன்றில் அவர் தம் சகோதரனுக்கு எழுதினார். அந்தத் தம்பியின் மீதும், மூத்த சகோதரி எலீசின் மீதும் அவர் கொண்டிருந்த பாசமே அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

1844ஆம் ஆண்டு குடும்பம் அலன்சோன் பட்டினத்துக்குக் குடிவந்தது. அங்கே கன்னியரின் பாடசாலையிற் செலி நன்றாகக் கற்றார். வளர்ந்ததும் துறவற வாழ்வை நாடி, வைத்தியசாலையில் நோயாளருக்குப் பணிபுரிந்த புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியரிடம் சென்றார். மடத்துத் தலைவியோ அவரை ஏற்கவில்லை. அவருடைய அழைத்தல் அதுவன்று என்பது தலைவியின் முடிவு. மூத்த சகோதரி பின்னர் லெ மான்ஸ் நகரிலுள்ள மினவுதல் சபை மடத்திற் சேர்ந்து துறவியானார். தங்கைக்கு மாத்திரம் கதவு அடைபட்டது. அப்படியானால் பல பிள்ளைகளைத் தந்தருளும்படியும், அவர்கள் எல்லாரும் தமக்கே அர்ப்பணிக்கப்படும்படியும் செலி இறைவனை வேண்டிக்கொண்டார்.

பிழைப்புக்கு ஒரு தொழில்

வீட்டில் வசதி குறைவு. கையில் ஒரு தொழில் இருந்தாக வேண்டும். 1851ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள், தேவமாதாவின் அமலோற்பவத் திருநாளன்று, அலன்சோன் றேந்தைத் தொழிலைக் கற்க வேண்டுமென்ற எண்ணம் செலியின் மனதிலே தெளிவாக எழுந்தது. அதனை மாதாவின் ஏவுதலாகவே அவர் கடைசிவரை கருதிவந்தார்.

போத்துக்கேயர் வழியாக நம் மொழிக்கு வந்த றேந்தை என்ற சொல்லை நாம் பொதுவாகச் சட்டைக் கரையிலே தைக்கும் சாதாரணப் பின்னலுக்கே வழங்குகிறோம். அலன்சோன் றேந்தை அத்தகையதன்று. 1665ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னனின் மந்திரி கொல்பேர் அந்தப் பட்டினத்தில் அரச ஆதரவுடன் இத்தொழிலை நிறுவினார். ஊசியும் மெல்லிய நூலும் மாத்திரமே கருவிகள். முதலிற் சித்திரத்தை வரைந்து, அதன் கோடுகள் நெடுகத் தாளிலே ஊசியாற் குத்த வேண்டும். பின்பு நூலால் அக்கோடுகளின் ஓரத்தைக் கட்டி, இடையிலே வலை போன்ற தளத்தைப் பின்னி, பூவும் இலையும் நிரப்பி, புடைப்பாக வேலை செய்து, கடைசியிற் தாளிலிருந்து றேந்தையை அறுத்தெடுப்பார்கள். பூ வேலையை மினுக்குவதற்குக் கடல் இறாலின் கொடுக்கைக்கூடப் பயன்படுத்துவதுண்டு. ஒரு சதுர சென்ரிமீற்றர் றேந்தைக்கு ஏறத்தாழ ஏழு மணி நேர வேலை செல்கிறது. தொழிலை முற்றாகக் கற்றுத்தேற 7 முதல் 10 ஆண்டுகள் வேண்டும். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மனித குலத்தின் மரபுரிமைகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

ஒரு பெண் இந்த வேலை முழுவதையும் தானே செய்வதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதிற் தேர்ந்த ஒருத்தி இருப்பாள். றேந்தை சிறு சிறு துண்டுகளாகவே உருவாகும். கடைசியாக அந்தத் துண்டுகளை, பொருத்திய இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒருவர் இணைக்க வேண்டும். இணைப்பிலே ஓர் இழை பிசகினாலும் பல பேருடைய பல மாத உழைப்பு வீணாகிவிடும். மிக நுட்பமான அந்த இணைப்பு வேலையையே செலி தமக்குரியதாக வைத்துக்கொண்டார். பழுதடைந்த றேந்தையைத் திருத்துவதிலும் அவர் கைதேர்ந்தவர்.

1853ஆம் ஆண்டின் இறுதியில், இன்னும் 22 வயதுகூட நிரம்பாத நிலையில், புனித பிளேசு வீதியிலிருந்த பெற்றோரின் வீட்டிலேயே சொந்தத் தொழிலைத் தொடங்கினார். தொழிலாளிப் பெண்கள் தத்தம் வீடுகளிலிருந்தே பின்னினார்கள். வியாழக்கிழமை தோறும் முடித்த துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புதிய மாதிரியையும் நூலையும் வாங்கிச் செல்வார்கள். பரீஸ் நகரத்து வியாபாரிகளிடம் ஓடர் பெறுவது, மாதிரிகளைத் தெரிவு செய்வது, வேலையைப் பங்கிடுவது, குறித்த தவணையில் ஒப்படைப்பது ஆகிய பொறுப்புகள் யாவும் அவர் தலையில் விழுந்தன.

பாலத்திலே கண்ட மனிதர்

அதே பட்டினத்தில் லூயி மார்ட்டின் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளர் கடை வைத்திருந்தார். 1823ஆம் ஆண்டு பிறந்த அவரும் இளமையிலே துறவியாக விரும்பியவரே. அல்ப்ஸ் மலையிலுள்ள பெரிய புனித பேர்ணார்ட் மடத்துக்குச் சென்று, இலத்தீன் மொழி அறியாத காரணத்தாற் திருப்பி அனுப்பப்பட்டவர். 1858ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒருநாள், புனித லெயோனார்ட் பாலத்தைக் கடக்கும்போது செலி அவரைக் கண்டார். தமக்கென ஆயத்தஞ் செய்யப்பட்டவர் இவரே என்று அவர் உள்ளத்திற் பட்டது. அவ்வாண்டு யூலை 13ஆம் நாள் நள்ளிரவில், அந்நாட்டின் அக்கால வழக்கப்படி, தேவமாதா ஆலயத்திற் திருமணம் நிறைவேறியது.

திருமணத்தன்றே புதுத் தம்பதியர் லெ மான்ஸ் மடத்திலிருந்த சகோதரியைப் பார்க்கச் சென்றார்கள். மடத்துக் கிராதிக்கு அப்பால் நின்ற சகோதரியைக் கண்டதும் செலி அடக்கமுடியாமல் அழுதார். தாம் விரும்பிய வாழ்வு அந்தப் பக்கத்தில் இருந்தது. கணவர் அந்தக் கண்ணீரைத் தவறாக விளங்கிக்கொள்ளவில்லை. அதே ஏக்கம் அவருக்கும் இருந்தது. இருவரும் சில மாதங்கள் சகோதரனும் சகோதரியும் போலவே வாழ்ந்தார்கள். பின்னர் ஒரு குருவானவரின் ஆலோசனைப்படி பெற்றோராகும் வாழ்வை மனதார ஏற்றார்கள். பிள்ளைகள் பிறந்த பின்பு தம் வாழ்வு முழுவதும் அவர்களுக்காகவே ஆகிவிட்டதென்றும், அதிலேதான் தம் பெருமகிழ்ச்சி இருந்ததென்றும் செலி அம்மையார் பிற்காலத்தில் மகளுக்கு எழுதினார்.

சன்னலடியில் ஒரு நாற்காலி

1860ஆம் ஆண்டு மூத்த மகள் மரி பிறந்தாள். 1861இல் பவுலின், 1863இல் லெயோனி, 1864இல் எலேன் என அடுத்தடுத்துப் பிள்ளைகள் வந்தார்கள். றேந்தைத் தொழிலும் அதே வேகத்தில் வளர்ந்தது.

அம்மையாரின் ஒருநாள் எப்படிக் கழிந்ததென்பது அவருடைய கடிதங்களிலிருந்து தெரியவருகிறது. 1863 முதல் 1877 வரை அவர் எழுதியவற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவை இரவிலே, வேலை முடிந்த களைப்புடன் அவசரமாக எழுதப்பட்டவை. அதிகாலை ஐந்தரை மணிப் பூசைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போவார்கள். பின்பு பிள்ளைகளை எழுப்பி, உடுத்தி, உணவு கொடுத்து, வெளிச்சம் விழும் சன்னலடியில் றேந்தையுடன் அவர் உட்காருவார். இடையிடையே எழுந்து வீட்டுக் காரியம் பார்ப்பார். இரவு பதினொரு மணிக்கும் ஊசி கையில் இருந்த நாட்கள் பல. தமக்குப் பாவைப்பிள்ளை கிடைக்காத அந்தத் தாய், பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் மறுப்பதில்லை. விளையாட்டிற் போன நேரத்தை நள்ளிரவு வரை விழித்திருந்து ஈடுசெய்வார்.

இதையெல்லாம் முகஞ்சுளிக்காமற் செய்தார் என்று நாம் எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர் தம் தொழிலைப் பற்றி மனம் நொந்து முறையிட்டிருக்கிறார். ஓடர்கள் குவிந்தால் தாம் அடிமையாகிவிடுவதாகவும், ஓடர்கள் நின்றுபோனாலோ, வருந்தித் தேடிச் சேர்த்த வேலைக்காரப் பெண்கள் வேறு நிறுவனங்களுக்குப் போய்விடுவார்களே என்ற பயம் இரவிலும் விடாமல் வாட்டுவதாகவும் தம்பிக்கு எழுதினார். தொழிலை விட்டுவிட வேண்டுமென்று பலமுறை எண்ணினார். ஆனால் பெண்பிள்ளைகளின் படிப்பும் எதிர்காலமும் கண்முன் நின்றன. அவரை நம்பிப் பிழைத்த பெண்களின் குடும்பங்களும் நின்றன. விட முடியவில்லை.

அந்தப் பெண்களை அவர் தம் வீட்டாரைப் போலவே நடத்தினார். கூலியைத் தாமதியாமற் கொடுப்பது அவருடைய நியதி. ஒருத்தி நோயுற்றால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவளுடைய வீட்டுக்குச் சென்று என்ன குறையென்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொடுவதில்லை. கணவரும் அன்று கடையைத் திறப்பதில்லை. நாட்டுப்புறத்தவர் பட்டினத்துக்கு வந்து நகை வாங்கும் நாள் ஞாயிறு. அயற்கடைகள் திறந்திருக்க, தமது கடை பூட்டியிருப்பதனால் வரும் நட்டத்தை லூயி மார்ட்டின் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

1870ஆம் ஆண்டு அவர் இன்னொரு முடிவும் எடுத்தார். மனைவியின் சுமையைக் கண்ட அவர், தமது மணிக்கூட்டுக் கடையைத் தம் சகோதரியின் மகனுக்கு விற்றுவிட்டு, றேந்தை வியாபாரத்தின் கணக்கு வழக்குகளையும் பரீஸ் பயணங்களையும் தாமே பொறுப்பேற்றார். ஆண்மகன் ஒருவன் தன் தொழிலை விட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றது அக்காலத்திற் சாதாரண காரியமன்று. அந்த இல்லத்தில் யார் பெரியவர் என்ற பேச்சுக்கு இடமிருக்கவில்லை. வேலை எங்கே அதிகமோ அங்கே கை கொடுத்தார்கள்.

நான்கு சிறு கல்லறைகள்

இனிச் சொல்லப்போவது மிகுந்த துயரம். 1865ஆம் ஆண்டிலேயே அம்மையாரின் மார்பில் ஒரு கட்டி தலைகாட்டியிருந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்குத் தாமே பாலூட்ட அவரால் முடியவில்லை. செவிலித்தாய்மாரை நாடவேண்டியதாயிற்று. 1866இற் பிறந்த யோசேப் என்ற ஆண்குழந்தை அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இறந்தது. 1867 டிசெம்பரிற் பிறந்த இரண்டாவது யோசேப்பும் 1868 ஓகஸ்டில் இறந்தது. மிஷனரிக் குருவாக ஒரு மகன் வேண்டுமென்று இருவரும் கண்ட கனவு அத்துடன் முடிந்தது. பத்து நாள் செல்லுமுன் அம்மையாரின் தந்தையும் காலமானார். 1869இல் செலின் பிறந்து தப்பினாள். ஆனால் 1870 பெப்ரவரியில், ஐந்து வயதுச் சிறுமி எலேன் தாயின் கைகளிலே உயிர்நீத்தாள். அவ்வாண்டு ஓகஸ்டிற் பிறந்த மெலனி தெரேசா, நம்பி ஒப்படைக்கப்பட்ட செவிலித்தாய் பால் கொடாமற் பட்டினி போட்டதனால் ஒக்டோபரில் இறந்தாள். உண்மை தெரியவந்து, குழந்தையைத் திரும்பப் பெற்றபோது காலங் கடந்துவிட்டிருந்தது.

இத்தகைய வேதனையை எழுதிவிட்டு உடனே ஆறுதல் வார்த்தை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அக்காலத்தில் அயலவர் சிலர், இந்தப் பிள்ளைகள் பிறவாமலே இருந்திருக்கலாம் என்று ஆறுதல் கூறினார்கள். அந்தப் பேச்சை அம்மையாராற் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகளின் நித்திய பேரின்பத்தோடு தம் கண்ணீரை நிறுத்துப் பார்க்கக் கூடாதென்பதும், அவர்களைத் தாம் என்றென்றைக்கும் இழந்துவிடவில்லை என்பதும் அவருடைய உறுதி. அழுதார், ஆனால் மற்றைய பிள்ளைகளுக்குச் சோறு போட எழுந்தார். 1871 ஜனவரியிற் பிரசிய படைகள் அலன்சோனுக்குள் நுழைந்து, ஒன்பது படைவீரர் அவர்களுடைய வீட்டிலே தங்கியபோதும் அப்படியே எழுந்து அவர்களுக்கு வேண்டியதைப் பார்த்தார்.

விடியற்காலை நடை

1873 ஜனவரி 2ஆம் நாள் கடைசிக் குழந்தை பிறந்தாள். அவளே தெரேசா. இரண்டு மாதங்களில் அவளும் உடன்பிறந்தோரைப் போலவே வாடத் தொடங்கினாள். செவிலித்தாயின் பாலின்றி அவள் பிழைக்க மாட்டாளென வைத்தியர் கூறினார். கணவர் அப்போது வீட்டில் இல்லை. மார்ச் மாத விடியற்காலையில் அம்மையார் தனியே புறப்பட்டு, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த செமல்லே கிராமத்துக்கு நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட இருவரைக் கண்டு அஞ்சினார், திரும்பவில்லை. அங்கே முன்பு தம் ஆண்குழந்தைகளைப் பேணிய ரோஸ் என்ற நாட்டுப்புறப் பெண்ணைக் கெஞ்சி அழைத்து வந்தார்.

ரோஸ் குழந்தையைக் கண்டதும் நம்பிக்கையின்றித் தலையசைத்தாள். அம்மையார் மாடிக்கு ஓடிச் சென்று புனித சூசையப்பரின் முன் முழந்தாளிட்டார். குழந்தை இறப்பதே இறைவன் சித்தமாயின் அதனை ஏற்கத் துணை வேண்டினார். இறங்கி வந்தபோது குழந்தை ஆவலுடன் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பின்பு அசைவற்றுச் சாய்ந்தாள். உயிர் போய்விட்டதென்றே நினைத்தார்கள். கால் மணி நேரத்துக்குப் பின் கண் திறந்து சிரித்தாள்.

குழந்தை ஓராண்டுக்கு மேல் ரோசின் வீட்டிலே வளர்ந்தாள். சந்தை நாளிலே வெண்ணெய் விற்க ரோஸ் பட்டினத்துக்கு வரும்போது குழந்தையும் வரும். ஆனால் பெற்ற தாயிடம் அது நிற்பதில்லை. பட்டினத்துப் பாங்கிலே உடுத்த றேந்தைக்காரப் பெண்களைக் கண்டால் வீரிட்டு அழும். ரோசைப் போல உடுத்த நாட்டுப்புறத்தாளிடம் கொடுத்தால் அழுகை நிற்கும். சொந்தக் குழந்தை தம்மை விட்டு இன்னொருத்தியை நாடியதைக் கண்ட தாய்க்கு மனம் வருந்தாமல் இருந்திருக்குமோ? ஆயினும் அவர் அதைச் சிரிப்புடனேயே கடிதத்தில் எழுதினார். குழந்தை உயிருடன் இருக்கிறாள். அதுவே போதும் என்றிருந்தார். 1874 ஏப்ரலில் தெரேசா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கண்ணிற் படாத காயம்

ஐந்து பெண்களிலும் தாய்க்கு அதிக வேதனை தந்தவள் லெயோனி. குழந்தைப் பருவத்திலே நோயாளி, படிப்பில் மந்தம், பிடிவாதம் மிகுதி. பெரியம்மா இருந்த லெ மான்ஸ் மடத்து விடுதிப் பாடசாலையிலிருந்து இருமுறை திருப்பி அனுப்பப்பட்டாள். அன்பாலும் கண்டிப்பாலும் முயன்று பார்த்த தாய்க்கு, அந்த மனதுக்குள் நுழைய வழி தெரியவில்லை.

1877ஆம் ஆண்டு அதன் காரணம் வெளிப்பட்டது. பதினொரு ஆண்டுகளாக வீட்டில் இருந்த வேலைக்காரி, தன் சொற்படி மாத்திரமே நடக்க வேண்டுமென்று லெயோனியை மிரட்டி, இரகசியமாகக் கொடுமைப்படுத்தி வந்திருக்கிறாள். பிள்ளை பயத்தால் வாய் திறக்கவில்லை. மூத்தவள் மரி அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது தாயின் நெஞ்சு உடைந்தது. எட்டுக் கையளவு தூரத்திலே, அதே கூரையின் கீழே, சன்னலடியில் நூலிழை பிசகாமற் பார்த்திருந்த கண்களுக்குச் சொந்தப் பிள்ளையின் துன்பம் தென்படவில்லை. பிழைப்புக்காக உழைக்கும் எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் இதைவிடப் பெரிய அச்சம் இல்லை.

அவர் என்ன செய்தார்? தம்மை நொந்துகொண்டு மூலையில் உட்காரவில்லை. அன்று முதல் லெயோனியைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். அவள் சொல்வதைக் கேட்டார். தாமே செபம் சொல்லிக்கொடுத்தார். சில கிழமைகளிலேயே பிள்ளை மாறத் தொடங்கினாள். தாயைவிட்டு நகரமாட்டாள் என்ற அளவுக்கு நெருங்கிவிட்டாள். ஆனால் தாய்க்கோ அப்போது வாழ எஞ்சியிருந்தது அரை ஆண்டுதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி ஆண்டு

1876ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மார்பிலிருந்த கட்டி கடுமையாக நோகத் தொடங்கியது. டிசெம்பரில் வைத்தியரிடம் காட்டினார். சத்திரசிகிச்சையினாற் பயனில்லையென்று அவர் ஒளிவின்றிக் கூறினார். லிசியே நகரில் மருந்துக்கடை வைத்திருந்த தம்பியின் ஏற்பாட்டிற் பார்த்த இன்னொரு வைத்தியரின் கருத்தும் அதுவே. 1877 பெப்ரவரியில் மடத்திலிருந்த சகோதரியும் காலமானார்.

அம்மையார் வேலையை விடவில்லை. எடுத்த ஓடர்களை முடிக்க வேண்டியிருந்தது. யூன் மாதம் மூத்த பெண்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு லூர்து நகருக்கு யாத்திரை சென்றார். பயணம் முழுவதும் இடையூறு. சகோதரியின் ஞாபகமாக வைத்திருந்த செபமாலை தொலைந்தது. கால் தவறிக் கழுத்திலும் நோவு பிடித்தது. நான்குமுறை அந்தப் புனித நீரில் இறங்கினார். குணம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் மனமுடைந்து திரும்பினார்கள்; பவுலின் எல்லாரிலும் அதிகமாக. ஆறுதல் சொல்ல வேண்டியவர்களுக்கு நோயாளியே ஆறுதல் சொன்னார். வீட்டில் காத்திருந்த கணவர், குணமாகித் திரும்பியவரைப் போல மலர்ந்த முகத்துடன் அவர் வந்ததைக் கண்டு வியந்தார்.

ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், வீட்டிலே படித்துவந்த செலினுக்கும் தெரேசாவுக்கும் மரி ஒரு சிறு பரிசளிப்பு விழா வைத்தாள். வெள்ளை உடை அணிந்த இரு சிறுமிகளுக்கும் தாயும் தந்தையும் பரிசு கொடுத்தார்கள். அந்தக் குடும்பம் கூடி மகிழ்ந்த கடைசி விழா அதுவே. ஓகஸ்ட் 28ஆம் நாள் நள்ளிரவு கடந்து அரை மணியளவில் செலி அம்மையார் உயிர் துறந்தார். தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், செலின் மரியைத் தன் தாயாகத் தெரிந்துகொள்ள, தெரேசா பவுலினின் மடியில் முகம் புதைத்து அவளைத் தாயாக்கிக்கொண்டாள். லூயி மார்ட்டின் றேந்தைத் தொழிலின் கணக்குகளை முடித்து, தாய்மாமனின் ஆதரவில் பெண்கள் வளரவேண்டுமென்று நவம்பர் மாதம் லிசியே நகரிற் குடியேறினார். 1894ஆம் ஆண்டு அவரும் காலமானார்.

விளைந்த பலன்

பிள்ளைகள் எல்லாரும் இறைவனுக்கே ஆகவேண்டும் என்று இளமையில் அவர் கேட்ட வரம் என்னவாயிற்று? மரி, பவுலின், செலின், தெரேசா ஆகிய நால்வரும் லிசியே கார்மேல் மடத்திற் துறவிகளானார்கள். தெரேசா 1897ஆம் ஆண்டு 24ஆம் வயதில் இறந்து, 1925இற் புனிதராகவும், 1997இற் திருச்சபையின் மறைவல்லுநராகவும் பிரகடனஞ் செய்யப்பட்டார். மிஷனரி மகன் வேண்டுமென்ற ஆசை வேறு வகையில் நிறைவேறியது. மடத்தை விட்டு வெளியே செல்லாத அந்த மகளே 1927ஆம் ஆண்டு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். எவரும் தேறமாட்டாளென்று எண்ணிய லெயோனி, பலமுறை முயன்று தோற்று, முடிவிற் கான் நகரத்து மினவுதல் மடத்திற் துறவியாகி, 1941ஆம் ஆண்டு வரை தாழ்ச்சியுடன் வாழ்ந்தார். அவரைப் புனிதராக்கும் முயற்சி 2015இற் தொடங்கப்பட்டது.

இவற்றில் ஒன்றையேனும் தாய் கண்ணாற் காணவில்லை. அவர் கண்டது முடியாத ஓடர்களையும், நோயுற்ற குழந்தைகளையும், தீராத களைப்பையுமே. தொழிலையும் தாய்மையையும் செபத்தையும் சரிசமமாக நிறுத்தும் இரகசியம் எதையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. ஒருநாள் தொழில் வென்றது. ஒருநாள் பிள்ளை வென்றது. சில நாட்களில் எல்லாமே தோற்றன. ஆனால் ஒவ்வொரு நாளையும் பூசையுடன் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமையை எவருக்கும் விற்கவில்லை. உழைத்தவர்களின் கூலியைப் பிடித்துவைக்கவில்லை. தவறு தெரிந்தபோது அன்றைக்கே திருத்தத் தொடங்கினார். கணவரிடம் துணை கேட்கவும் ஏற்கவும் அவர் வெட்கப்படவில்லை.

தாய்மாரே, தந்தையரே, நாளின் முடிவிலே ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லையே என்று உங்களுக்குத் தோன்றுமாயின், அலன்சோன் சன்னலடியில் இருந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையிலும் முழு றேந்தை ஒருபோதும் இருந்ததில்லை; துண்டுகளே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு போனார். இன்றிரவு எவ்வளவு வேலை கிடந்தாலும், உங்கள் பிள்ளைகளில் அதிகம் பேசாத பிள்ளை எதுவோ, அதனை அருகில் அழைத்துக் கால் மணி நேரம் அதன் பேச்சைக் கேளுங்கள். புனித செலி அம்மையார் கண்ணீருடன் கற்றுக்கொண்ட பாடம் அதுவே.